வேலி மாற்றிய கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பின்னிரவில், கணிப்பொறி ஒன்று எங்களிடம் ஒரு கேள்வி கேட்டது. முதல் சர்வர் உண்மையிலேயே நின்றுவிட்டதா, பொதுவாக இருக்கும் வட்டில் இனி அது எதையும் எழுதாது என்பது உறுதிதானா என்பது அந்தக் கேள்வி. ஆம் என்பதற்கு ஓர் எழுத்து, இல்லை என்பதற்கு ஓர் எழுத்து. நாங்கள் ஆம் என்றோம். உண்மையில் எங்களுக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொன்னதால் நேர்ந்ததையும், அதே கேள்வி மீண்டும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மனிதர்களிடம் வந்து நிற்காதபடி நாங்கள் செய்த மாற்றத்தையும் இங்கே எழுதிவைக்கிறோம்.

நாங்கள் மூவர். சென்னையில் ஒரு சிறு நிறுவனத்தில் இருந்துகொண்டு பிறருடைய சர்வர்களைப் பராமரிப்பது எங்கள் தொழில். புத்தகங்களைக் கைமாற்றிக்கொண்டதில் தொடங்கிய நட்பு பின்னர் ஒரே மேசையில் வந்து முடிந்தது. இரவுப் பணி முறைவைத்து வரும். ஒருவர் விழித்திருக்க, ஒருவர் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்க, மூன்றாமவர் நிம்மதியாக உறங்குவார். எங்கள் பொறுப்பில் இருந்தவற்றுள் ஒன்று ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத் தரவுத்தளம். இரத்தம் எடுத்த குழாய்க்கு வரிசை எண் தருவது முதல், முடிவு மருத்துவரின் திரைக்குப் போய்ச் சேர்வது வரை எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கும்.

அந்தத் தரவுத்தளத்துக்கு இரண்டு சர்வர்கள் இருந்தன. ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். தரவு இரண்டுக்கும் பொதுவான ஒரு சேமிப்பகத்தில் இருந்தது. இரு சர்வர்களிலிருந்தும் ஃபைபர் கேபிள்கள் அதற்குச் சென்றன. முதல் சர்வர் பழுதானால் இரண்டாவது சர்வர் அதே வட்டை எடுத்துக்கொண்டு, அதே முகவரியை ஏற்றுக்கொண்டு, தரவுத்தளத்தைத் தொடங்கிவிடும். பரிசோதனைக்கூடத்தில் இருப்பவர்களுக்கு அது ஓரிரு நிமிடத் தடங்கலாக மட்டுமே தெரியும். இப்படிச் சேர்ந்தியங்கும் சர்வர்களின் கூட்டத்தைக் கிளஸ்டர் என்பார்கள். லினக்ஸில் இதை நடத்தும் மென்பொருள்கள் இரண்டு. கோரோசிங்க் என்பது சர்வர்கள் ஒன்றையொன்று இடைவிடாது விசாரித்துக்கொள்ளச் செய்யும். அந்த விசாரிப்புக்கு இதயத்துடிப்பு என்று பெயர். பேஸ்மேக்கர் என்பது எது எங்கே ஓட வேண்டும் என்று முடிவு செய்யும். இதயத்துடிப்பு, பேஸ்மேக்கர் என்ற பெயர்கள் மருத்துவத்திலிருந்து வந்தவை. எங்கள் விஷயத்தில் அது சற்று அதிகமாகவே பொருந்திப்போனது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சர்வர் சாவது பெரிய ஆபத்தல்ல. அதற்காகத்தான் இரண்டு வைத்திருக்கிறோம். ஆபத்து, இரண்டும் உயிரோடிருந்து ஒன்றையொன்று செத்ததாக நினைத்துக்கொள்வதில் இருக்கிறது. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பார்கள். எங்கள் வட்டு அப்படிப்பட்ட உறை. நாங்கள் வைத்திருந்த எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு அமைப்பு, வட்டைத் தான் ஒருவனே ஆள்வதாக நம்பி எழுதப்பட்டது. எந்தப் பக்கம் காலி, எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதைத் தன் நினைவில் வைத்துக்கொண்டே அது வேலை செய்யும். ஒரே பேரேட்டில் இரண்டு கணக்கப்பிள்ளைகள், மற்றவர் இருப்பது தெரியாமல், தத்தம் நினைவை நம்பி எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் காலி என்று நினைத்த பக்கத்தில் மற்றவரின் வரவு இருக்கும். இருவரும் நேர்மையானவர்கள், இருவர் எழுதியதும் சரி. ஆனாலும் மாலையில் பேரேடு குப்பைக்குத்தான் போகும்.

இந்நிலைக்குப் பிளவுண்ட மூளை என்று பெயர். இதுவும் மருத்துவத்திலிருந்து வந்த சொல்தான். கடுமையான வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையைச் சில நோயாளிகளுக்குத் துண்டித்தார்கள். அவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரி, ஒரு பாதி அறிந்ததை மறு பாதி அறியாமலே இயங்குவதைக் கண்டார். 1981-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நோயாளிகள் அன்றாட வாழ்வைப் பெரும்பாலும் இயல்பாகவே நடத்தினார்கள் என்பதுதான் வியப்பு. சர்வர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆக, எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தால் செத்ததாகக் கொள்ளலாம்? நம் நாட்டுச் சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. இயல்பாகச் செய்தி கிடைத்திருக்க வேண்டியவர்களுக்கே ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் எச்செய்தியும் கிடைக்கவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் சொன்னது இது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதே ஏழாண்டையே வைத்திருக்கிறது. ஏழாண்டுக்குப் பிறகும் அது ஓர் அனுமானம்தான். எட்டாம் ஆண்டில் வாசலில் வந்து நிற்பவரைச் சட்டம் இறந்தவர் என்று திருப்பி அனுப்பிவிட முடியாது. எங்கள் கிளஸ்டருக்கு ஏழாண்டு கிடையாது, சில விநாடிகள்தான். 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற மூவர் கணித முறையில் ஒன்றை நிறுவினார்கள். செய்தி வந்து சேரக் காலவரம்பே இல்லாத அமைப்பில், ஒரே ஒரு உறுப்பு நின்றுபோகக்கூடும் என்றாலும், எல்லோரும் கட்டாயம் ஒரு முடிவுக்கு வந்தே தீருவார்கள் என்று உறுதியளிக்கும் வழிமுறை எதையும் வகுக்க முடியாது என்பது அதன் சாரம். அடியில் கிடக்கும் காரணம் எளியது. மெதுவாக இருப்பவனையும் செத்தவனையும் தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது.

பிரித்தறிய முடியாத இடத்தில் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி கொடூரமானது, ஆனால் நேர்மையானது. செத்துவிட்டது என்று ஊகிக்காதே, சாகச் செய்து உறுதிப்படுத்திக்கொள். துணைச் சர்வரின் மௌனம் நீடித்தால், அதன் மின்சாரத்தைத் துண்டி. துண்டிக்கப்பட்டது என்ற பதில் வந்த பிறகே வட்டைத் தொடு. இதற்கு ஃபென்சிங், அதாவது வேலியிடல் என்று பெயர். இதன் இன்னொரு பெயர் ஸ்டானித். மற்றக் கணுவைத் தலையில் சுடு என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது அது. நகைச்சுவைபோல் இருந்தாலும் கையேடுகளில் அதுவே பெயர். சுட்டது பட்டது என்று தெரியாதவரை உயிரோடிருக்கும் சர்வர் அசையாமல் நிற்கும். சேவை நின்றாலும் பரவாயில்லை, தரவு கெடக்கூடாது. வேலியின் ஒரே அறம் இதுதான்.

எங்கள் பழைய வேலி ஐ.பி.எம்.ஐ. என்ற முறையில் அமைந்திருந்தது. 1998-இல் வெளிவந்த தரம் அது. சர்வரின் தாய்ப்பலகையில் தனியாக ஒரு குட்டிக் கணிப்பொறி இருக்கும். சர்வர் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். நெட்வொர்க் வழியாக அதனிடம் அணை என்றால் அணைக்கும், நிலை என்ன என்றால் சொல்லும். அதில் பிறவிக் குறை ஒன்றுண்டு. காவல்காரனும் வீட்டுக்காரனும் ஒரே சோற்றை உண்பவர்கள். சர்வருக்கு வரும் மின்சாரம் முழுதும் போனால் குட்டிக் கணிப்பொறியும் சேர்ந்தே செத்துவிடும். அப்போது, செத்துவிட்டதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. உண்மையிலேயே செத்துப்போன சர்வரின் சாவை நிரூபிக்க முடியாமல், உயிரோடிருக்கும் சர்வர் விடிய விடிய நின்றுகொண்டிருக்கும்.

அப்படி ஒரு முறை நின்றது. நாங்கள் ஆம் என்று சொன்ன இரவுக்கு ஐந்து வாரம் முன்பு, முதல் சர்வர் இருந்த ரேக்கில் மின்சாரம் போனது. இரண்டாவது சர்வர் சுட்டுச் சுட்டுப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றது. 40 நிமிடங்கள் பரிசோதனைக்கூடம் காகிதத்தில் எழுதியது. முடிவில், நாங்களே கட்டளை கொடுத்து அந்தச் சர்வர் செத்துவிட்டது என்று உறுதிசொன்னோம், சேவை எழுந்தது. இயந்திரத்தால் உறுதி செய்ய முடியாதபோது மனிதரின் வாக்கை ஏற்றுக்கொள்ள ஒரு கட்டளை உண்டு. அதுதான் அந்தக் கேள்வியைக் கேட்பது. அன்று நாங்கள் சொன்னது உண்மை. ஏன் இவ்வளவு தாமதம் என்று மறுநாள் கேட்டார்கள். அந்த ஏச்சு எங்களுக்குள் தங்கிவிட்டது. அடுத்த முறை விரைவாகச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்துக்கொண்டோம்.

அடுத்த முறை வந்தது. இரவு 2 மணியைத் தாண்டியிருந்தது. கண்காணிப்புத் திரை சிவந்தது. முதல் சர்வரிடமிருந்து இதயத்துடிப்பு இல்லை. அதன் குட்டிக் கணிப்பொறியைக் கூப்பிட்டோம், பதில் இல்லை. சர்வரையே கூப்பிட்டோம், அதிலும் இல்லை. இரண்டாவது சர்வர் தன் துணையைச் சுட முயன்று தோற்று நின்றுகொண்டிருந்தது. ஐந்து வாரம் முன்பு கண்ட அதே காட்சி. சர்வரும் மௌனம், காவல்காரனும் மௌனம், ஆகவே மின்சாரம் போயிருக்கிறது என்று முடிவுகட்டினோம். தொலைபேசியில் இருவர் பேசி இருவரும் ஒப்புக்கொண்டோம். 2 மணி 17 நிமிடத்துக்கு ஆம் என்றோம்.

அன்று மின்சாரம் போகவில்லை. அந்த ரேக்கின் மேல்தட்டில் இருந்த ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் செத்திருந்தது. இதயத்துடிப்பும், குட்டிக் கணிப்பொறியும், நாங்கள் உள்ளே செல்லும் வழியும், கண்காணிப்பும் அந்த ஒரே ஸ்விட்சின் வழியாகச் சென்றன. மருத்துவமனை பயன்படுத்திய நெட்வொர்க் வேறு, வட்டுக்குச் சென்ற ஃபைபர் வேறு. முதல் சர்வர் முழு நலத்தோடு, யாருக்கும் கேட்காமல், வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு சாட்சியும் இருந்தது. அந்த நேரத்தில் மருத்துவமனையிலிருந்து ஒருவரும் எங்களைக் கூப்பிடவில்லை. ஐந்து வாரம் முன்பு இரண்டாம் நிமிடமே கூப்பிட்டவர்கள் அவர்கள். தரவுத்தளம் உண்மையில் நின்றிருந்தால் தொலைபேசி ஒலித்திருக்கும். ஒரு பக்கத்து மௌனத்தைச் சாவு என்று படித்த நாங்கள், மறுபக்கத்து மௌனத்தைப் படிக்கவேயில்லை.

எங்கள் வாக்கை நம்பி இரண்டாவது சர்வர் வட்டை எடுத்தது, முகவரியை ஏற்றுக்கொண்டது, தரவுத்தளத்தைத் தொடங்கியது. ஒரே முகவரியில் இரண்டு சர்வர்கள், ஒரே பேரேட்டில் இரண்டு கணக்கப்பிள்ளைகள். பரிசோதனைக்கூடத்தின் கணிப்பொறிகளில் சில ஒன்றிடமும் சில மற்றதிடமும் பேசின. 11 நிமிடங்கள் இது நடந்தது. அதன் பிறகே தொலைபேசி ஒலித்தது. பேசியவர் இரவுப் பணியில் இருந்த பரிசோதனைக்கூட அம்மையார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

“சார், ரெண்டு டியூப்ல ஒரே நம்பர் வந்திருக்கு. பேரு வேற வேற. எது சரின்னு சொல்லுங்க.”

இரண்டு சர்வர்களும் அடுத்த வரிசை எண் எதுவோ அதைத் தத்தம் நினைவிலிருந்து எடுத்து இரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்திருந்தன. அவர் குழாயில் ஒட்டிய எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஒருவரின் இரத்தத்தின் முடிவு மற்றவரின் திரைக்குப் போயிருக்கும். ஆனால் அவர், விதிப்படி தேவையில்லாதபோதும், குழாயில் பேனாவால் எழுதியிருந்த பெயரையும் படிப்பவர். அன்று எங்களைக் காப்பாற்றியது அந்தப் பேனா. உடனே இரண்டு சர்வர்களையும் நிறுத்தினோம். அதற்குள் கோப்பு அமைப்பு சிதைந்துவிட்டது. நள்ளிரவுக் காப்பையும், அதன் பிறகு வேறொரு சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருந்த பதிவுகளையும் கொண்டு ஏறத்தாழ 2 மணி வரையிலான நிலையை மீட்டோம். மிச்சத்தை, பரிசோதனைக் கருவிகளின் நினைவிலிருந்தும் காகிதத்திலிருந்தும் அவரும் இன்னொருவரும் காலை 9 மணி வரை உட்கார்ந்து மறுபடி உள்ளிட்டார்கள். எந்த நோயாளிக்கும் தவறான முடிவு போகவில்லை. இதைச் சொல்லும்போது எங்களுக்குப் பெருமிதம் ஏதுமில்லை, அது எங்கள் திறமையல்ல.

காலையில் எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவர் வந்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். ஏன், எப்படி என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. “நீங்க கண்ணால பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றோம். அந்தக் கட்டடத்தில் இரவுக் காவலுக்கு ஆளிருக்கிறார். போய் அந்த ரேக்கில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அறிக்கை எழுதினோம். ஆம் என்ற எழுத்தை அழுத்திய விரல் ஒருவருடையது. யாருடையது என்று மருத்துவமனையும் கேட்டது, எங்கள் நிறுவனமும் கேட்டது. அறிக்கையில் நாங்கள் என்றே எழுதினோம். காப்பாற்றிக்கொள்வதற்காக அல்ல. அந்த நிமிடத்தில் தொலைபேசியில் இருந்த மற்றவரும் ஆம் என்றுதான் சொன்னார். உறங்கிக்கொண்டிருந்த மூன்றாமவர்தான் இதயத்துடிப்பையும் காவல்காரனையும் ஒரே ஸ்விட்சில் இணைத்தவர். இந்தக் கட்டுரையிலும் அந்தச் சொல்லை மாற்றப்போவதில்லை.

அடுத்து வந்தது என்ன செய்வது என்ற பேச்சு. வேலியால்தானே இவ்வளவு தொல்லை, எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு வரியில் அதை அணைத்துவிடவும் முடியும். வேலியை எடுத்தால் 2 மணி 17 நிமிடத்துக்கு நாங்கள் செய்த தவறைக் கிளஸ்டர் தானாகவே, எங்களைக் கேட்காமலே, ஒவ்வொரு முறையும் செய்யும். ரெட் ஹாட், சூசே ஆகிய லினக்ஸ் நிறுவனங்கள் வேலியில்லாத கிளஸ்டருக்கு ஆதரவு தருவதில்லை என்பதன் காரணம் இதுதான். குறை வேலியில் இல்லை. வேலிக்கால்கள் எல்லாம் ஒரே குழியில் நடப்பட்டிருந்ததில் இருந்தது.

வேலி இருந்தும் அழிந்த கதைகளும் உண்டு. 2012 டிசம்பர் 22 அன்று கிட்ஹப் நிறுவனத்தில் ஸ்விட்ச் பராமரிப்பின்போது நெட்வொர்க் சற்று நேரம் உறைந்தது. இரண்டிரண்டாக இருந்த கோப்பு சர்வர்கள் தத்தம் துணை செத்ததாக எண்ணிச் சுட உத்தரவிட்டன. சில உத்தரவுகள் போய்ச் சேரவில்லை. நெட்வொர்க் திரும்பியதும் இரண்டு சர்வர்களும் தானே தலைவன் என்றிருந்த இணைகளில் ஒன்றை மற்றது சுட்டது. பல இணைகளில் இரண்டுமே வீழ்ந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஆனால் அங்கே இரண்டும் நின்றன, இங்கே இரண்டும் எழுதின. எழுதுவதைவிட நிற்பது மேல் என்பதை அனுபவித்தவர்களாகச் சொல்கிறோம். அதே நிறுவனத்தில் 2018 அக்டோபர் 21 அன்று நெட்வொர்க் இணைப்பு 43 விநாடிகள் மட்டுமே அறுந்தது. அதன் விளைவாக அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருந்த தரவுத்தளங்கள் மற்றதிடம் இல்லாத பதிவுகளைப் பெற்றுவிட்டன. சீராக்க 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. கணக்குப் பார்த்தால், 11 நிமிடப் பிளவிலிருந்து காலை 9 மணிக்கு மீண்ட நாங்கள் அதிர்ஷ்டசாலிகள்.

எங்களுக்கு வேண்டியது இரண்டாவது வேலி. அது முதல் வேலியின் ஸ்விட்சையோ மின்சாரத்தையோ நம்பியிருக்கக்கூடாது. ரேக்கின் மின்பலகையைத் தூரத்திலிருந்து அணைப்பது ஒரு வழி. ஆனால் ரேக்கே இருண்டால் மின்பலகையும் பதில் சொல்லாது. கடைசியில் எஸ்.பி.டி. என்ற முறையைத் தேர்ந்தோம். அதைப் புரிந்துகொண்ட நாளில் ஒரு நல்ல சிறுகதையின் முடிவைப் படித்தாற்போல் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

அது இப்படி இயங்குகிறது. பொதுச் சேமிப்பகத்திலேயே சில மெகாபைட் அளவில் ஒரு துண்டு ஒதுக்கப்படும். அதில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு தபால்பெட்டி. ஒவ்வொரு சர்வரும் தன் பெட்டியை இடைவிடாமல் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். துணையைச் சாகச் சொல்ல வேண்டுமானால் அதன் பெட்டியில் ஒரு சீட்டு போட்டால் போதும். படித்த உடனே அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். படிக்க முடியாவிட்டால்? அதற்காக ஒவ்வொரு சர்வரிலும் வாட்ச்டாக் என்ற ஒரு காலக்கடிகாரம் உண்டு. குறித்த விநாடிகளுக்குள் மென்பொருள் அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொடாவிட்டால் எவரையும் கேட்காமல் சர்வரை மறுதொடக்கம் செய்துவிடும். சர்வர் உறைந்துபோனால் கடிகாரத்தைத் தொட ஆளில்லை. பெட்டியையும் படிக்க முடியாமல், துணையையும் காண முடியாமல் போனாலும் கடிகாரத்தைத் தொடுவது நின்றுவிடும். மின்சாரம் போயிருந்தால் கேள்வியே இல்லை. ஆக, சீட்டுப் போட்டுவிட்டுக் குறித்த நேரம் காத்திருந்தால் போதும். எந்த வழியிலாவது அது அடங்கியிருக்கும். பதில் வர வேண்டியதில்லை.

இதுதான் எங்களை நிறுத்தியது. பழைய வேலி சாவுக்குப் பிணத்திடம் சாட்சி கேட்டது. புதிய வேலியில் இருவரும் உயிரோடிருக்கும்போதே ஒரு வாக்குறுதி செய்துகொள்கிறார்கள். என் பேச்சு உனக்குக் கேட்காமல்போனால், நீ இத்தனை விநாடி பொறு, அதற்குள் நான் ஒதுங்கியிருப்பேன். மௌனத்துக்கு முன்கூட்டியே பொருள் சொல்லி வைத்துவிட்டால், மௌனம் நேரும்போது ஊகிக்க வேண்டியதில்லை.

அந்த விநாடிகளைக் குறிப்பதில்தான் பெரும்பாடு. கடிகாரத்துக்குக் குறைந்த நேரம் வைத்தால், ஃபைபர் பாதை ஒன்று அறுந்து மற்றொன்றுக்கு மாறும் சிறு இடைவெளியில்கூட நல்ல சர்வர் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும். அதிகம் வைத்தால் மருத்துவமனை காத்திருக்கும். பாதை மாற எவ்வளவு நேரமாகிறது என்று கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி அளந்தோம். கடிகாரத்துக்கு 15 விநாடி, சீட்டுப் போட்டபின் காத்திருக்க அதன் இருமடங்காக 30 விநாடி, மொத்தச் செயலுக்கு அதற்கும் மேலாக 40 விநாடி என்று வைத்தோம். முதலில் ஐ.பி.எம்.ஐ., அது தோற்றால் எஸ்.பி.டி. என்று இரண்டு அடுக்குகள். இதயத்துடிப்புக்கு இரண்டாவது பாதையை மருத்துவமனை நெட்வொர்க்கின் வழியாக அமைத்தோம். குட்டிக் கணிப்பொறிகளை வேறு ஸ்விட்சுக்கு மாற்றினோம். இரண்டும் உயிரோடிருந்து ஒன்றையொன்று சுட முனைந்தால், தரவுத்தளத்தை ஓட்டிக்கொண்டிருப்பது முந்திக்கொள்ளும்படி மற்றதற்குச் சில விநாடித் தாமதம் விதித்தோம்.

எஸ்.பி.டி. கிளஸ்டரோடு சேர்ந்தே எழுவது. அதனால் கிளஸ்டரை முழுதும் நிறுத்தித் தொடங்க வேண்டும். ஒரு ஞாயிறு பிற்பகலில் இரண்டு மணி நேரம் கேட்டோம். பரிசோதனைக்கூடத்தின் சார்பில் சம்மதம் சொல்ல வந்தவர் அதே அம்மையார். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டார். மூவரும் என்றோம். “இந்தத் தடவை நேர்ல போய்ப் பாப்பீங்கல்ல?” என்றார். ஒருவர் அவர் மேசையருகிலும், ஒருவர் ரேக்கின் முன்னும், ஒருவர் திரையின் முன்னும் இருப்பது என்று அப்போதுதான் தீர்மானித்தோம்.

முதலில் கிளஸ்டரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவந்தோம். அந்நிலையில் அது எதையும் தானாக நகர்த்தாது. பழைய வேலியைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நடக்கூடாது, புதியதை நட்டுவிட்டே பழையதைத் தொட வேண்டும். ஆடுமாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த பாடம் இது. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் மற்றதன் காவல்காரனிடம் நிலை கேட்டோம். தபால்பெட்டியில் வெறும் சோதனைச் சீட்டுப் போட்டுப் படித்தோம். பிறகு பராமரிப்பு நிலையை நீக்கிவிட்டு, காத்திருந்த சர்வரைக் கையால் கட்டளை கொடுத்துச் சுட்டோம்.

அது உடனே சாகவில்லை. ரேக்கின் முன் நின்றவர், இன்னும் விளக்கு எரிகிறது என்றார். திரையைப் பார்த்தோம். அணை என்ற உத்தரவை அந்தச் சர்வர் யாரோ பொத்தானை மெல்ல அழுத்தியதாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சேவையாக நிறுத்தி, வட்டுகளை விடுவித்து, பணிவாக விடைபெற்றுக்கொண்டிருந்தது. சாதாரண நாளில் நல்ல பழக்கம்தான். வேலியிடும்போது அந்தப் பணிவுக்கு இடமில்லை. அந்த ஓரிரு நிமிடத்தில் அது எழுதக்கூடியது எல்லாம் கேடு. பொத்தான் செய்தியைப் பொருட்படுத்தாதே என்று இரண்டு சர்வர்களிலும் அமைத்தோம். இவ்வளவு காலமும் நாங்கள் நம்பியிருந்த வேலி இப்படித்தான் இருந்திருக்கிறது. ஒருமுறைகூட நேரில் நின்று சுட்டுப் பார்க்காததால் எங்களுக்குத் தெரியவில்லை.

மறுமுறை சுட்டபோது விளக்கு சட்டென்று அணைந்தது. பிறகு கெர்னலை வேண்டுமென்றே நிலைகுலையச் செய்தோம். பிறகு ஃபயர்வால் மூலம் இதயத்துடிப்பின் இரு பாதைகளையும் அடைத்து, இரண்டும் உயிரோடிருக்க ஒன்றையொன்று காணாதபடி செய்தோம். தரவுத்தளம் ஓடிய சர்வர் முந்திச் சுட்டது, மற்றது வீழ்ந்தது, இரண்டும் வீழவில்லை. கடைசியாக, முதல் சர்வரின் இரண்டு மின்கேபிள்களையும் ஒன்றாகப் பிடுங்கினோம். பழைய ஏற்பாட்டில் இந்த இடத்தில்தான் எல்லாம் உறைந்து நிற்கும்.

ஐ.பி.எம்.ஐ. கூப்பிட்டுப் பார்த்தது, பதிலில்லை. மீண்டும் கூப்பிட்டது, அப்போதும் இல்லை. இரண்டாம் அடுக்கு தபால்பெட்டியில் சீட்டுப் போட்டது. அதன் பிறகு 30 விநாடிகள். தொலைபேசியின் மறுமுனையில் பரிசோதனைக்கூடத்தின் ஓசைகள் கேட்டன. ஒருவரும் பேசவில்லை. காத்திருப்பு முடிந்து, செத்துவிட்டது என்று இரண்டாவது சர்வர் தானே முடிவு செய்து வட்டை எடுத்தது. கேபிளைப் பிடுங்கியதிலிருந்து சேவை எழுந்தது வரை 1 நிமிடம் 50 விநாடி. எங்களிடம் எந்தக் கேள்வியும் வரவில்லை. அம்மையார் ஒரு சோதனை மாதிரியை உள்ளிட்டார். வரிசை எண் வந்தது. எண்ணை வாசித்துவிட்டுப் பெயரையும் வாசித்தார்.

புதிய வேலியும் முழுமையானதல்ல. சேமிப்பகமே பழுதானால் தபால்பெட்டியும் போகும். ஆனால் அப்போது சண்டையிட வட்டும் இருக்காது. மனிதரின் வாக்கை ஏற்கும் அந்தக் கட்டளையும் இன்னும் இருக்கிறது, அதை நீக்க முடியாது. அதற்காக ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறோம். மருத்துவமனையைக் கூப்பிட்டு, வேலை நடக்கிறதா என்று கேள். காவலரை அனுப்பி விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல். இரண்டுக்கும் பதில் வராமல் ஆம் என்று சொல்லாதே. ஆங்கிலத்தில்தான் அலுவலகத் தாள்கள் எல்லாம் இருக்கும். இதைத் தமிழில் எழுதினோம்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் அந்த ரேக்கில் மறுபடி மின்சாரம் போனது. அதிகாலை 3 மணி சுமாருக்கு முதல் சர்வர் சாய்ந்தது, இரண்டாவது எழுந்தது. விழித்திருந்தவர் திரை சிவந்ததைப் பார்த்துத் தொலைபேசியை எடுப்பதற்குள் அது பச்சையாகிவிட்டது. ஆனாலும் அவர் காவலரைக் கூப்பிட்டு ரேக்கைப் பார்த்துவரச் சொன்னார். இருட்டாகத்தான் இருக்கிறது என்று காவலர் சொன்ன பிறகே மேசைக்குத் திரும்பினார். மற்ற இருவருக்கும் காலையில்தான் தெரியும்.